ஞானத்தாய் முறை

பங்குனி கடைசியில் நந்திக்கடல் களப்பு வற்றத் தொடங்கும். கரையிலிருந்து வெகுதூரத்துக்கு முழங்கால் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்தது கழுத்தில் கட்டியிருக்கும் ஓலைப் பறிக்குள் போகும். குனிந்த தலை நிமிராவிட்டாலும் வாய் ஓயாது. வட்டுவாகல் பக்கத்துக் கதை எல்லாம் முதலில் அந்தத் தண்ணீரில் நனைந்துதான் கரைக்கு வரும்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு அந்த வரிசையில் ராக்காயி இல்லை. தை மாதத்திலிருந்து அவள் கரையில் பூவரச மரத்தின் கீழ் இருந்து, மற்றவர்கள் கொண்டுவருவதைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய இறால் ஒரு பக்கம், கருவாட்டுக்குப் போகும் சின்னது இன்னொரு பக்கம், நண்டுக்குஞ்சும் பாசியும் எறிவதற்கு. இரத்தப்போக்கு நிற்காதவள் உப்புத் தண்ணீரில் குந்தக்கூடாது என்று யூலிற்றா சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் யூலிற்றா சொன்னால் சொன்னதுதான்.

யூலிற்றா கரைக்காரி. தகப்பனும் தமையன் யோசெப்பும் கடற்றொழில். ராக்காயி மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தோடு தாய் தகப்பன் அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு நெடுங்கேணிக் காட்டோரத்துக்கு வந்து, பற்றை வெட்டிக் குடியிருந்தார்கள். தொண்ணூறில் முல்லைத்தீவுக் கரை இடம்பெயர்ந்தபோது யூலிற்றாவின் குடும்பம் ஒதுங்கியது அவர்கள் வீட்டுத் தாவாரத்தில். யோசெப் அடுத்த மாரிக்கு முன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். யூலிற்றா போகவில்லை. பிறகு ராக்காயியின் தாயையும் தகப்பனையும் மலேரியா கொண்டுபோயிற்று. தம்பி தங்கராசா படகேறி இந்தியாவுக்குப் போனான், சேதி இல்லை. கரைக்குத் திரும்பலாம் என்று ஆனபோது யூலிற்றா ஒரு கையில் குடத்தையும் மறுகையில் ராக்காயியையும் பிடித்துக்கொண்டு ட்ராக்டர் பெட்டியிலிருந்து இறங்கினாள்.

ஊர் முதலில் 'கூட வந்த பிள்ளை' என்றது. பிறகு 'யூலிற்றா வீட்டு ராக்காயி' என்றது. அதற்கு மேல் ஊர் சொல் தேடவில்லை. முற்றத்துக் கொடியில் எப்போதும் ஒரு பாய்தான் காய்ந்தது. கண்டவர்கள் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆட்கள் முன்னால் ராக்காயி 'யூலியக்கா' என்பாள். வீட்டுக்குள் யூலி.

"என்ன ராக்காயி, சீமாட்டி மாதிரி நிழலிலை இருக்கிறாய்?" என்று கலிஸ்ரா தண்ணீருக்குள் இருந்தபடியே கூப்பிட்டாள். யோசெப்பின் மனைவி, வாய்க்காரி. "எனக்கு ஒரு பிளேன்ரீ போட்டுத் தாவன்."

"கையக் கழுவிட்டு வாங்க, தாறேன். சேத்துக் கையோட என் கோப்பையத் தொடவிட மாட்டேன்."

"கேட்டியளே மச்சாள், உங்கடை வீட்டுக்காரியின்ரை சட்டத்தை?"

யூலிற்றா சிரித்தாள். ஆனால் அவள் கண் மரத்தடியில்தான் நின்றது. ராக்காயி எழும்பும்போது ஒரு கையால் மரத்தைப் பிடித்தாள், மற்றக் கையால் அடிவயிற்றைப் பிடித்தாள். முகம் காய்ந்த இறால் ஓடுபோல வெளிறி இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று புதுக்குடியிருப்பில் பார்த்த டொக்டர் சொல்லியிருந்தார். பொல்லாத கட்டி இல்லை, ஆனால் இரத்தம் இப்படியே போனால் ஆள் தாங்காது, வவுனியாவுக்குப் போய் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்.

*

அந்த வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றினால் பெட்டி பேசும். சுற்று தளர்ந்தால் குரலும் தளரும். ஏப்ரல் முதலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பொழுது படுகிற நேரம், ராக்காயி சுற்றிக்கொண்டிருந்தாள். யூலிற்றா வலையின் அறுந்த கண்ணுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி வாசிக்கிறவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்: நெதர்லாந்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்யும் உரிமை இன்று நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு கழிந்ததும் முதலாவது சோடிகள்...

ராக்காயியின் கை பெடலில் நின்றுவிட்டது. பெட்டி முனகி அடங்கியது.

"சுத்தடி! சுத்து, சுத்து!"

சுற்றினாள். அதற்குள் செய்தி வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

"பொம்பிளையும் பொம்பிளையும் எண்டுதானே சொன்னவன்?" என்றாள் யூலிற்றா.

"அப்புடித்தான் கேட்டுச்சு."

"இன்னொருக்கால் சொல்லமாட்டானோ?"

"நம்ம கேட்டதுக்கெல்லாம் திருப்பிச் சொல்ல அவன் என்னா நம்ம வீட்டுக் கிளியா?"

யூலிற்றா வலையைக் கீழே வைத்தாள். "நெதர்லாந்து எண்டது ஒல்லாந்து. பள்ளிக்கூடத்திலை படிச்சனான். உந்த முல்லைத்தீவிலை கோட்டை கட்டி இருந்தவங்கள்."

"நம்ம பக்கம் வந்தவங்களா?"

"ஓம். கோட்டையைக் கட்டினவன் உதையும் அப்பவே எழுதி வைச்சிட்டுப் போயிருக்கலாம்."

"எழுதி வச்சிருந்தா, நீ நெடுங்கேணியில வந்து குந்துன அன்னைக்கே உன்னையக் கட்டியிருப்பேன்."

"என்னைக் கேளாமலோ?"

"எங்க வீட்டுத் தாவாரத்துல படுத்துக்கிட்டு வேணாம்னா சொல்லியிருப்ப?"

இருவரும் சிரித்தார்கள். ராக்காயிக்குச் சிரித்தால் வயிறு இழுக்கும். அதனால் அவள் முதலில் நிறுத்திக்கொண்டாள். சோளகக் காற்று எழும்ப இன்னும் நாள் இருந்தது. காற்றில்லாத முற்றத்தில் கருவாட்டு மணம் அப்படியே நின்றது.

"எனக்குப் பந்தலும் வேண்டாம், மேளமும் வேண்டாம்," என்றாள் யூலிற்றா. "கோயிலிலை மூண்டு ஞாயிறு எங்கடை ரெண்டு பேரையும் கலியாண ஓலையிலை வாசிக்க வேணும். தடை இருந்தால் சொல்லுங்கோ எண்டு பாதர் கேக்க வேணும். ஒருத்தரும் எழும்பக்கூடாது. அது காணும்."

அன்றைக்கு ராக்காயி பெடலைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள்.

*

இரண்டு நாள் கழித்து, ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் வீரபாகுவிடம் போனார்கள். வவுனியாவுக்குப் போவதென்றால் முதலில் அவர் கடிதம், பிறகு வெளியே போக அனுமதி தரும் பாஸ் கந்தோர், அதன் பிறகு இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடி.

"நோயாளியோடை போறவர் உறவுக்காரராய் இருக்க வேணும்," என்றார் வீரபாகு. "போறவை திரும்பி வருவினம் எண்டு ஒரு உறவுக்காரர் இஞ்சை பிணையும் நிக்க வேணும். ராக்காயிக்கு ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன்," என்றாள் யூலிற்றா.

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. என்ன முறை எண்டு எழுத?"

யூலிற்றா மேசையில் கிடந்த வெற்றுக் கடதாசியைப் பார்த்தாள்.

வீரபாகு பேனா மூடியைக் கழற்றிப் பூட்டினார். மனிதருக்கு உதவ விருப்பம். வழி தேடினார். "ராக்காயி, நீ இந்தப் பாஸ்காவுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறாயாமே? ஆர் ஞானத்தாய்?"

"மடத்துச் சிஸ்டர் நிக்கிறாங்க ஐயா."

"சிஸ்டரை விடு. யூலிற்றா நிக்கட்டும். ஞானத்தாயும் தாய்தானே. பாதர் ஒரு துண்டு தந்தால் நான் தாய் முறை எண்டு எழுதிறன். பாஸ் கந்தோரிலை ஏற்பினம். முந்தியும் ஒரு மனிசிக்கு அப்பிடித்தான் செய்தனான்."

ராக்காயியின் முகம் விரிந்தது. யூலிற்றாவின் முகத்தை அவள் அப்போது பார்க்கவில்லை.

மறுநாள் கோயிலில் ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பாதரே கேட்டார். "யூலிற்றா, விதானையார் சொன்னவர். நீர்தானே ஞானத்தாயாய் நிக்கிறீர்?"

"சிஸ்டரே நிக்கட்டும் பாதர்."

"ஏன்?"

"சிஸ்டரே நிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி குசினிக்குள் போய் மாவைக் குழைத்தாள். குழைத்தாள் என்பதைவிட அடித்தாள் என்பது சரி. கல்லில் றொட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எஸ்டேட்டுக்காரி தோள்ல கைய வச்சுக்கிட்டு ஊரு முன்னால நிக்க வெக்கம். அதானே?"

"விசர்க்கதை கதையாதை."

"அப்ப என்னா? எனக்குத் தாயின்னு எழுதுனா நீ என்கூட வரலாம். நீ வராட்டி நா போகமாட்டேன் யூலி. தெரியாத ஊர்ல, தெரியாத கட்டில்ல, கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல ஆளில்லாம என்னால முடியாது."

யூலிற்றா அடுப்புக்கு முன்னால் குந்தினாள். "உனக்குச் சவிரியானைத் தெரியாது. எங்கடை அப்பாவோடை தொழில் செய்தவர். பெடியனாய் இருக்கேக்கை, ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பனாய் நிக்க வேண்டிய மனிசன் கடலாலை வரேல்லை எண்டு, இவரைப் பிடிச்சு நிப்பாட்டினவை. அந்தப் பிள்ளைதான் மதலேனா. பிறகு அவள் வளர்ந்து, ரெண்டு பேருக்கும் விருப்பமாகி, வீட்டுக்காரரும் சம்மதிச்சு, ஓலையும் வாசிச்சினம். ரெண்டாம் ஞாயிறு பொம்பிளையள் பக்கத்தாலை ஒரு மனிசி எழும்பி, இவர் இவளின்ரை ஞானத்தகப்பன் எண்டு சொல்லிப்போட்டா. அவ்வளவுதான். சவிரியான் மன்னார்ப் பக்கம் போனவர், திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு கலியாணம் கட்டாத ஆக்கள் இந்தக் கரையிலை ஞானஸ்நானத்துக்கு ஒரு பிள்ளையைத் தூக்க முன்னம் ஆயிரம் யோசிப்பினம்."

ராக்காயி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞானத்தாயும் ஞானப்பிள்ளையும் கலியாணம் கட்டேலாது, ராக்கு. நான் உன்ரை தோளிலை கை வைச்சால், ஒல்லாந்திலை வந்தது நாளைக்கு இஞ்சை வந்தாலும் எங்கடை பேர் ஓலையிலை வராது. வாசிச்சாலும் ஆரோ ஒருத்தி எழும்புவாள். அவள் சொல்லுறதும் சரியாய்த்தான் இருக்கும்."

றொட்டி கருகியது. ராக்காயி அதை விரலால் திருப்பினாள், திருப்பிய பிறகுதான் சுட்டதை உணர்ந்தாள்.

"எந்தக் காலத்துலயோ வரப்போறதுக்கு இப்பவே எடம் புடிச்சு வைக்கிறியா?"

"ஓம். பிடிச்சுத்தான் வைக்கிறன்."

"என் வயிறு அதுவரைக்கும் பொறுக்குமா?"

யூலிற்றா கல்லிலிருந்து றொட்டியை எடுத்தாள். இருவரும் கருகின றொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டார்கள். ஒரு துண்டு பனங்கட்டியை இரண்டாகக் கடித்து, பிளேன்ரீ குடித்தார்கள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து ராக்காயி கேட்டாள்.

"கலிஸ்ராக்கா எனக்குத் தாயா நின்னா?"

"நிண்டால்?"

"நீ எனக்கு யாரு?"

யூலிற்றா யோசித்தாள். "கலிஸ்ரா தாய் எண்டால் அண்ணன் தேப்பன் முறை. தேப்பன்ரை தங்கச்சி மாமி."

"மாமிக்குத் தடை இருக்கா?"

"தோளிலை கை வைச்சு நிக்கிறவைக்குத்தான் தடை. மாமிக்கு இல்லை."

"மாமி ஆசுபத்திரிக்கு வரலாமா?"

"வரலாம். கலிஸ்ரா இஞ்சை பிணை நிக்கலாம்."

"அப்பப் போய்க் கேளு."

"கேட்டால், நீங்கள் ஏன் நிக்கேல்லை எண்டு கேப்பாள்."

"கேப்பாங்க."

"சொல்ல வேண்டி வரும்."

"சொல்லு," என்றாள் ராக்காயி. "நா மரத்தடியிலதான் இருப்பேன்."

*

பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடிப் பழகும் சத்தம். அன்றைக்கு யூலிற்றா கலிஸ்ராவுக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீரில் குந்தினாள். மற்றவர்கள் முன்னே நகரும்வரைக்கும் பொறுத்திருந்து, விஷயத்தைச் சொன்னாள்.

"நானோ?" என்றாள் கலிஸ்ரா. "நீங்கள் இருக்க நான் ஏன் மச்சாள்?"

யூலிற்றா சொன்னாள். சேற்றைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல், கேட்ட செய்தியையும் சவிரியானையும் தன் ஆசையையும் வரிசையாகச் சொன்னாள். எதையும் மூடவில்லை. சொல்லி முடித்தபோது தன் பறிக்குள் ஓர் இறால்கூட விழவில்லை என்று கண்டாள்.

கலிஸ்ராவின் கைகள் தண்ணீருக்குள் நின்றுவிட்டன.

"உதைச் சொல்லாமல் கேட்டிருக்கலாம்," என்றாள். குரலில் கோபம் இருந்தது. "ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். எனக்கு நேர்த்திக்கடன், நிக்கேலாது எண்டு சொல்லியிருந்தால் நானும் ஓம் எண்டிருப்பன். இவ்வளவு காலமும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தது எவ்வளவு சுகம்! இப்ப நான் தெரிஞ்சுகொண்டெல்லே கோயிலிலை நிக்க வேணும்."

"பொய் சொல்லி வாங்கினால் அதுவும் ஒரு தடைதானே மச்சாள்."

"உங்கடை அண்ணருக்கு என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள் நினைக்கிறதைச் சொல்லுங்கோ."

கலிஸ்ரா சேற்றைத் தடவிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். இருவருக்கும் இடையில் தண்ணீர் அகன்றுகொண்டே போயிற்று. வெயில் ஏறியது. யூலிற்றா குந்திய இடத்திலேயே இருந்து, மரத்தடியைப் பார்க்காமல் சேற்றைத் தடவினாள்.

வேலை முடிந்து கலிஸ்ராதான் முதலில் கரையேறினாள். நேராகப் பூவரசடிக்குப் போய், பறியை ராக்காயியின் முன்னால் கவிழ்த்தாள். இறால்கள் துள்ளின.

"இனிமேல் என்னை அக்கா எண்டு கூப்பிடக்கூடாது. அம்மா எண்டு சொல்ல வேணும்."

ராக்காயி அண்ணாந்து பார்த்தாள்.

"கேக்காமல் பிளேன்ரீ வர வேணும். நான் கையும் கழுவமாட்டன்."

ராக்காயி மரத்தைப் பிடித்து எழும்பினாள். போத்தலில் இருந்த தேநீரைக் கோப்பையில் ஊற்றி, சேறு வழியும் அந்தக் கைகளில் கொடுத்தாள். கலிஸ்ரா நின்றபடியே குடித்தாள். கோப்பை முழுவதும் சேற்று விரல்கள். ராக்காயி அதைப் பல நாள் கழுவாமல் வைத்திருந்தாள் என்று யூலிற்றா பிறகு பகிடி பண்ணுவதுண்டு.

*

பாஸ்கா அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில் ஞானஸ்நானம் நடந்தது. ராக்காயி வெள்ளைச் சேலை உடுத்து, மெலிந்த கழுத்தை நீட்டித் தலை குனிந்தாள். கலிஸ்ரா வலக்கையை அவள் தோளில் வைத்து நின்றாள். பாதர் தண்ணீரை ஊற்றி முடிக்கும்வரைக்கும் எடுக்கவில்லை. யூலிற்றா மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தாள்.

பூசை முடிந்து கோயில் வளவில் பணியாரமும் தேநீரும். யோசெப் பாதருக்குக் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டு, தங்கையைப் பார்த்து உரத்துக் கேட்டார்: "ஏன் யூலி நீ நிக்கேல்லை எண்டு சனம் என்னைக் கேக்குது. நான் என்னெண்டு சொல்ல?"

யூலிற்றாவின் கையில் பணியாரம் அப்படியே நின்றது. கலிஸ்ரா முந்திக்கொண்டாள்.

"கலியாணம் கட்டாத ஆக்கள் ஏன் வில்லங்கத்துக்கு நிப்பான்? சவிரியானுக்கு நடந்தது தெரியாதே உங்களுக்கு?"

பாதர் சிரித்துவிட்டார். "நீங்கள் இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்? அந்தத் தடையை எடுத்துக் கனகாலம்."

"எடுத்ததோ?" என்றாள் கலிஸ்ரா. "ஆர் எடுத்தது?"

"ரோமாபுரியிலை. எண்பத்திமூண்டிலை புதுச் சட்டப்புத்தகம் வந்தது. ஞானப்பெற்றோர் தடை அதிலை இல்லை. இப்ப சவிரியான் வந்தால் நானே ஓலை வாசிப்பன்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பாதர்!"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

கலிஸ்ரா யூலிற்றாவைப் பார்த்தாள். "அப்ப நான் சும்மாவோ தாயானனான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். யோசெப்பும் என்ன ஏது என்று விளங்காமலே சிரித்தார். ராக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

யூலிற்றா மட்டும் சிரிக்கவில்லை.

"பாதர், அவ்வளவு காலம் கிடந்த சட்டத்தை எடுக்கலாமோ?"

"எழுதினவையேதானே எடுத்தவை," என்றார் பாதர், பணியாரத்தைப் பிய்த்தபடி. "ஏன் கேக்கிறீர்?"

"சும்மா கேட்டனான்," என்றாள் யூலிற்றா. பிறகு தன் பணியாரத்தை ராக்காயியின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. இரத்தம் ஊற வேணும்."

*

வீரபாகு மாமி முறை என்று எழுதிக் கொடுத்தார். கலிஸ்ரா இருவருக்கும் பிணை நின்றாள். பாஸ் வந்தது. விடியவே ட்ராக்டரிலும் பிறகு பஸ்ஸிலுமாகப் போய், இந்தப் பக்கத்துச் சாவடியில் பெயர் பதிந்து, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளியை நடந்து கடந்தார்கள். வீதியின் இரு கரையிலும் முட்கம்பி. ராக்காயி அடிக்கடி நின்றாள். அவள் நின்றபோதெல்லாம் யூலிற்றாவும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

அந்தப் பக்கத்தில் தகரக் கொட்டிலுக்குள் ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தாள். கடிதத்தைப் பார்த்தாள், ராக்காயியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு யூலிற்றாவை.

"நீங்கள் இவவுக்கு என்ன முறை?"

"மாமி," என்றாள் யூலிற்றா.

முத்திரை விழுந்தது. வெளியே ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. யூலிற்றா முதலில் ஏறி, பையை உள்ளே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

ராக்காயி அந்தக் கையைப் பிடித்து, படியில் காலை வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கிவிடுங்க, மாமி."

"இப்போதைக்குத்தான் மாமி," என்று சொல்லி யூலிற்றா அவளை இழுத்து ஏற்றினாள்.